வெனிலாவைக் காய்க்க வைத்த சிறுவன்

வெனிலாப் பூ விடியற்காலையில் விரியும். வெயில் ஏறி மதியம் தாண்டுவதற்குள் வதங்கத் தொடங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தம் சேர வேண்டிய இடத்தில் சேராவிட்டால் பூ கழன்று விழும், காய் கிடையாது. ஒரு கொத்தில் பதினைந்து இருபது மொட்டுகள் இருந்தாலும் நாளொன்றுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு என்றுதான் அவை மலரும். அதனால் பூக்கும் பருவம் முழுக்கத் தினமும் காலையில் கொடிகொடியாகப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

இன்று உலகச் சந்தைக்கு வரும் அசல் வெனிலா ஏறக்குறைய அத்தனையும் மனிதக் கை ஒவ்வொரு பூவாகத் தொட்டுக் காய்க்க வைத்ததுதான். அந்தக் கைவேலை பிறந்தது 1841-இல், இந்தியப் பெருங்கடலில் அன்று பூர்போன் என்றும் இன்று ரியூனியன் என்றும் அழைக்கப்படும் பிரெஞ்சுத் தீவில். செய்து காட்டியவன் 12 வயது அடிமைச் சிறுவன். எட்மோன் என்பது பெயர். குடும்பப் பெயர் கிடையாது, அடிமைகளுக்கு அப்படி ஒன்று கொடுக்கும் வழக்கமில்லை.

வெனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்கக் காடுகளும். மெக்சிகோவின் கிழக்குக் கரையில் வெராக்ரூஸ் பகுதியில் வாழும் தொதோனாக் மக்கள் இதைப் பயிராக்கிப் பக்குவப்படுத்தத் தெரிந்தவர்கள். அவர்களை வென்ற அஸ்டெக்குகள் இதைக் கக்காவோ பானத்தில் கலந்து குடித்தார்கள். அஸ்டெக்குகளை வென்ற ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு சுமார் முந்நூறு ஆண்டுகள் வெனிலா என்றால் மெக்சிகோதான். இத்தனைக்கும் கொடியைக் கடத்துவது பெரிய காரியமில்லை. ஒரு முழம் தண்டை வெட்டி எடுத்துப்போய் நட்டால் வேர்விடும் செடி இது. ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளிலும் வெப்பநாட்டுக் காலனிகளிலும் நட்டுப் பார்த்தார்கள். கொடி செழித்தது, பூக்கவும் செய்தது. காய்தான் பிடிக்கவில்லை.

காரணம் பூவின் அமைப்பில் இருக்கிறது. வெனிலா ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தது. ஆர்க்கிட்டுகளில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒட்டி ஒரே தூணாக வளர்ந்திருக்கும். வெனிலாவில் அந்தத் தூணின் நுனியில் மகரந்தப்பை. அதில் மகரந்தம் தூளாக இல்லாமல் பிசுபிசுப்பான கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றில் பறக்காது. சில மில்லிமீட்டர் தள்ளி, பள்ளமான இடத்தில் சூல்முடி. இரண்டுக்கும் நடுவே, பெண் பார்க்க வந்த வீட்டில் தொங்கும் திரைபோல, மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே நிற்கிறது. தாவரவியலில் அதற்கு ரோஸ்டெல்லம் என்று பெயர். இவை எல்லாவற்றையும் உதடு எனப்படும் ஓர் இதழ் குழாயாகச் சுருண்டு மூடியிருக்கும். அதனால் பூவை மேலாகப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

பூ தன் மகரந்தத்தைத் தானே பெற்றுக்கொள்ளாமல் வேறு கொடியின் மகரந்தத்தைப் பெற வேண்டும் என்பதற்காக இயற்கை வைத்த தடுப்பு இது. உள்ளே நுழைந்து வெளியேறும் தேனீ, போகிற போக்கில் மகரந்தக் கட்டியை முதுகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். எந்தத் தேனீ என்பதில் சிக்கல் உண்டு. மெக்சிகோவின் கொடுக்கில்லாத மெலிபோனாத் தேனீ என்று புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அமெரிக்கக் காடுகளில் மட்டும் வாழும் ஆர்க்கிட் தேனீக்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன என்பது அவர்கள் கருத்து. எதுவானாலும் அந்தத் தேனீ ஊரைவிட்டு வெளியே வரவில்லை, கொடி மட்டும் வந்தது. சொந்தக் காட்டிலேயே நூறு பூவுக்கு ஒன்று காய்த்தால் அதிகம் என்கிறபோது, தேனீயே இல்லாத தேசத்தில் என்ன ஆகும்?

ஐரோப்பிய அறிஞர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல் மோரென் என்ற தாவரவியல் பேராசிரியர் 1836-இல் கண்ணாடி வீட்டுக் கொடியில் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்க வைத்தார். பாரிஸில் நொய்மான் என்ற தோட்டக்கலை வல்லுநர் 1838-இல் அதைச் சாதித்தார். ஆகவே வெனிலாவுக்கு முதன்முதலில் செயற்கையாக மகரந்தம் சேர்த்தவர் எட்மோன் என்று எழுதினால் தவறு. அந்தப் பெருமை மோரெனுக்கு உரியது. ஆனால் அவர்களுடைய வெற்றி கண்ணாடி வீட்டோடு நின்றது. தோட்டத்தில் நூற்றுக்கணக்கான கொடிகளுக்கு நடுவே, வெயிலில், மளமளவென்று செய்யத்தக்க முறையாக அது மாறவில்லை.

பூர்போன் தீவுக்கு வெனிலாக் கொடி 1819-இலும் 1822-இலும் வந்திறங்கியது. புயல்கள் காப்பித் தோட்டங்களைச் சீரழித்துவிட்டதால் தீவின் முதலாளிகள் கரும்புக்கு மாறிக்கொண்டிருந்த காலம். வெனிலாவும் கைகொடுக்கும் என்று நம்பினார்கள். இருபது ஆண்டுகள் அது அழகுக்கொடியாகவே மரத்தில் படர்ந்து கிடந்தது.

தீவின் வடகிழக்குக் கரையில் செயிண்ட் சுசான் என்ற ஊர். எட்மோன் 1829-இல் அங்கே பிறந்தான். தாய் மெலீஸ், பிரசவத்திலேயே இறந்துபோனாள். தந்தை பாம்பீல். இருவரும் அடிமைகள், ஆகவே பிள்ளையும் பிறப்பிலேயே அடிமை. சிறுவனின் உடைமையாளரான அம்மாள் அவனைத் தன் சகோதரர் ஃபெரியோல் பெலியே-போமோன் வீட்டில் விட்டிருந்தார். போமோனுக்குச் செடிகள் என்றால் பித்து, அதிலும் ஆர்க்கிட் என்றால் கேட்கவே வேண்டாம். காலையில் தோட்டத்தைச் சுற்றிவரும்போது சிறுவனும் கூடவே நடப்பான். எழுதப் படிக்க யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. செடியைப் பார்க்கச் சொல்லித்தந்தார் போமோன்.

பூசணி வகைக் கொடி ஒன்றில் கையால் மகரந்தம் சேர்ப்பதையும் அப்படித்தான் காட்டினார். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நம் வீடுகளிலும் பிஞ்சு வெம்பி விழும்போது ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுவார்களே, அதேதான்.

1841-இல் ஒருநாள் இருவரும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார்கள். இருபது ஆண்டுகளாகக் காய்க்காத வெனிலாக் கொடியில் இரண்டு காய்கள் தொங்குவதைப் போமோன் பார்த்தார். அசந்துபோனார். தான்தான் மகரந்தம் சேர்த்ததாகப் பையன் சொன்னான். அவர் நம்பவில்லை. சில நாள் கழித்து இன்னொரு காய் பிடித்திருந்தது. சரி, எப்படிச் செய்தாய், காட்டு என்றார். காட்டினான்.

இன்றும் தோட்டங்களில் அப்படியே செய்கிறார்கள். இடது கை விரல்களால் பூவைப் பின்புறமாகப் பிடிக்க வேண்டும். வலது கையில் மூங்கில் சிம்போ எலுமிச்சை முள்ளோ இருக்கும். அதன் நுனியால் உதடு இதழைக் கீறி விலக்கினால் உள்ளே தூண் தெரியும். அதே நுனியைச் சவ்வின் அடியில் கொடுத்து மெல்ல மேலே தூக்க வேண்டும். இப்போது மகரந்தப்பைக்கும் சூல்முடிக்கும் நடுவே எதுவும் இல்லை. கட்டைவிரலால் மகரந்தப்பையைச் சூல்முடியின் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் கட்டி ஒட்டிக்கொள்ளும். சிம்பை உருவிவிட்டு அடுத்த பூவுக்குப் போகலாம். சில நொடி வேலை. கை பழகியவர் ஒரு காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் முடிப்பார். ரியூனியனில் இதற்கு எட்மோனின் கைவீச்சு என்றே பெயர். செய்கிற பெண்களைக் கல்யாணம் செய்து வைப்பவர்கள் என்கிறார்கள்.

பார்ப்பதற்கு இவ்வளவுதான் என்பதாலேயே, இதைத் தற்செயலாக நடந்தது என்று பலர் சொல்லிவிட்டார்கள். எசமானன் மேல் கோபம் கொண்ட பையன் பூக்களைக் கசக்கினான், அது காய்த்துவிட்டது என்றுகூட ஒரு கதை உண்டு. பூவைக் கசக்கினால் பூ சாகும், காய்க்காது. எந்தத் தோட்டக்காரருக்கும் தெரிந்த விஷயம் இது. எட்மோன் செய்ததை யோசித்துப் பார்க்க வேண்டும். பூசணியில் இரண்டு பூக்களில் தனித்தனியாகப் பார்த்த ஆணையும் பெண்ணையும், கொஞ்சமும் அதுபோல் இல்லாத ஒரு பூவுக்குள் தேடியிருக்கிறான். குழாயாக மூடிய இதழைத் திறந்திருக்கிறான். இது ஆண், இது பெண், நடுவே இருப்பது இடைஞ்சல் என்று பிரித்தறிந்திருக்கிறான். கடைசியாக, அந்த இடைஞ்சலை வெட்டி எறியாமல் தூக்கிப் பிடித்தால் போதும் என்று கண்டிருக்கிறான். ஒப்பீட்டு உடற்கூறியல் என்று கல்லூரியில் இதற்கு ஒரு தாளே வைத்திருக்கிறார்கள்.

போமோன் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். எட்மோனைத் தோட்டம் தோட்டமாக அழைத்துப்போய் அங்கிருந்த அடிமைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார்கள். 1848-இல் ரியூனியனிலிருந்து பிரான்சுக்கு ஏற்றுமதியானது 50 கிலோ. பத்து ஆண்டுகளில் அது இரண்டு டன், 1867-இல் 20 டன், 1898-இல் 200 டன். மெக்சிகோ பின்னுக்குப் போய்விட்டது.

காய் பிடித்ததும் வெனிலா வந்துவிடுவதில்லை. முற்ற எட்டொன்பது மாதம் ஆகும். பார்ப்பதற்குப் பீன்ஸ் போலப் பச்சையாக இருக்கும் காயை முகர்ந்தால் வாசனையே வராது. வாசனைக்குக் காரணமான வெனிலின் அப்போது ஒரு சர்க்கரை மூலக்கூறோடு கட்டுண்டு கிடக்கிறது. காயை 65 டிகிரி வாக்கிலான வெந்நீரில் சில நிமிடம் முக்கி எடுத்தால் செல்சுவர்கள் உடையும், காய்க்குள்ளேயே இருக்கும் நொதி அந்தச் சர்க்கரைக் கட்டை அறுக்கத் தொடங்கும். பிறகு கம்பளியில் சுற்றி வேர்க்க வைப்பார்கள். தினமும் சிறிது நேரம் வெயிலில் போட்டு எடுப்பார்கள். கருத்துச் சுருங்கியதும் பெட்டியில் அடுக்கி மாதக்கணக்கில் பழக்குவார்கள். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாக வற்றும். உள்ளே ஆயிரக்கணக்கில் இருக்கும் நுண்ணிய விதைகள்தான் நல்ல ஐஸ்கிரீமில் தெரியும் கரும்புள்ளிகள். விலை ஏறிய காலங்களில் திருட்டும் ஏறும். அதற்காகக் காய் பச்சையாக இருக்கும்போதே ஊசி முனைகளால் தோட்டக்காரரின் அடையாளத்தைக் குத்திவிடுவார்கள். காய் கருத்த பிறகும் அந்தத் தழும்பு மறையாது.

வெந்நீர் முறையை 1850-களில் ரியூனியனில் செம்மைப்படுத்தியவர்கள் எர்னெஸ்ட் லூப்பியும் தாவித் த ஃப்ளோரிசும். தோட்ட முதலாளிகளின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. எட்மோனுடையதைக் கேட்டார்கள். தீவின் தலைநகரான செயிண்ட் தெனியில் அரசுத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர் ரிஷார். பாரிஸில் கற்ற முறையைத் தான் தீவுக்கு வந்து சிலருக்குச் செய்து காட்டியதாகவும் அதை அந்தப் பையன் பார்த்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். இதற்குப் போமோன் எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. ரிஷார் அவருக்கு நண்பர்தான். ஆனாலும் உண்மைக்கு மாறாக அவர் பேசுவதாகத்தான் எழுதினார். ரிஷார் முன்பே காட்டியிருந்தால் 1841-இல் தோட்டக்காரர்கள் ஏன் எட்மோனைத் தேடி ஆள் அனுப்பினார்கள்? கேள்வி நியாயமானது, இன்றுவரை அதற்குப் பதில் இல்லை. அதே போமோன் மனிதரை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் ஆள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்தக் கதையில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் எழுதியதுதான், எட்மோன் கைப்பட எழுதிய வரி ஒன்றும் இல்லை.

1848 டிசம்பர் 20-ஆம் தேதி ரியூனியனில் அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். பிரெஞ்சு அரசு அடுத்த ஆண்டே நட்ட ஈட்டுச் சட்டம் போட்டது, உடைமையாளர்களுக்கு! ரியூனியனில் ஓர் அடிமைக்குச் சுமார் 711 பிராங்க் என்று விகிதம். விடுதலையானவர்களுக்குக் காசும் இல்லை, காணியும் இல்லை. எட்மோனுக்கு அல்பியூஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது. தலைநகருக்குப் போய்ச் சமையலறை வேலைக்குச் சேர்ந்தார். நகைத் திருட்டு வழக்கொன்றில் சிக்கிய அவருக்கு ஐந்து ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். தீவுக்கு இப்படியொரு செல்வத்தைத் தந்தவர் என்று அவருக்காக மனுப் போனது, மூன்று ஆண்டுகளில் ஆளுநர் விடுவித்தார். பிறகு செயிண்ட் சுசானுக்கே திரும்பி வந்து வாழ்ந்தார். உதவித்தொகை கேட்டு எழுதியதற்குப் பலன் இல்லை. 1880 ஆகஸ்டில் அவ்வூர் மருத்துவமனையில், ஏழையாக, 51-ஆம் வயதில் இறந்தார். அந்த ஆண்டுகளில் தீவின் ஏற்றுமதி டன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

1860-களில் ரூசேன் என்ற ஓவியர் தம் ரியூனியன் தொகுப்பு நூலுக்காக அவருடைய படத்தை வெளியிட்டிருந்தார், கையில் வெனிலாவோடு. அந்தப் படம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டில் பிரான்சில் அவரை வெள்ளைக்காரர் என்றே எழுதியவர்கள் இருக்கிறார்கள். இன்று செயிண்ட் சுசானில் நினைவுச்சின்னம் இருக்கிறது, பள்ளிப்பிள்ளைகளுக்கு அவர் கதை தெரியும்.

விடுதலையான மக்கள் அதே தோட்டத்தில் அதே கூலிக்கு வேலை செய்ய விரும்பாததால் முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். நம் கதை அங்கே வந்து சேர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ரியூனியனுக்குக் கப்பலேறியவர்கள் லட்சத்துக்கும் மேல். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்கள் வழியாகப் போன தமிழர்களே அதிகம். மல்பார் என்ற பெயரில் அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். எட்மோனின் ஊருக்குப் பக்கத்து ஊரான செயிண்ட் ஆந்த்ரேயில் பெரிய கோயில்கள் எழுப்பித் தீமிதி நடத்துகிறார்கள். வெனிலா விளையும் வட்டாரமும் அதுதான்.

ரியூனியனின் அடிமைகளில் பெரும்பாலோரை மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். வெனிலா எதிர்த்திசையில் போனது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரியூனியன் தோட்டக்காரர்கள் கொடியையும் கைவேலையையும் மடகாஸ்கருக்குக் கொண்டுபோனார்கள். அந்நாட்டின் வடகிழக்கில் சம்பாவா, அந்தலாஹா சுற்றுவட்டாரம்தான் இன்று உலகத்துக்கே வெனிலாக் களஞ்சியம். 1874-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் தீமானும் ஹார்மனும் வெனிலினைச் செயற்கையாகத் தயாரித்த பிறகு, நாம் அன்றாடம் தின்னும் பிஸ்கட், கேக்கில் இருப்பது பெரும்பாலும் ஆலைச் சரக்குதான். அசல் காய்க்கு மவுசு குறையவில்லை. காயில் வெனிலினோடு நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் இருக்கின்றன, ஆலை தருவது ஒன்றே ஒன்று.

2000-இல் ஹூடா புயல் அந்தலாஹாவைத் துவம்சம் செய்தபோது விலை தாறுமாறாக ஏறியது. கேரளம், கர்நாடகம், பொள்ளாச்சி பக்கமெல்லாம் விவசாயிகள் பாக்கிலும் தென்னையிலும் வெனிலாவை ஏற்றிவிட்டார்கள். பெண்கள் காலையில் சிம்போடு பூ தொடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு கொத்தில் எல்லாப் பூவையும் தொடாதே, எட்டுப் பத்தோடு நிறுத்து, இல்லாவிட்டால் கொடி ஓய்ந்துவிடும் என்பது வரை பழகினார்கள். மடகாஸ்கர் எழுந்து உட்கார்ந்ததும் சில ஆண்டுகளில் விலை சரிந்து, பலர் கொடியை வெட்டிப்போட்டார்கள்.

கைவேலைக்கு ஒரு பின்விளைவும் உண்டு. அதே பூவின் மகரந்தத்தை அதே பூவுக்குக் கொடுப்பதால், இயற்கை எதற்காகத் தடுப்பு வைத்ததோ அதுவே அடிபட்டுப்போகிறது. போதாக்குறைக்குத் தோட்டக்காரர்கள் விதை போடுவதில்லை, தண்டை வெட்டித்தான் நடுகிறார்கள். இந்தியப் பெருங்கடல் தீவுகளின் வெனிலாவை மரபணு ஆய்வு செய்தபோது, ஏறக்குறைய எல்லாமே ஒரே கொடியின் வாரிசுத் துண்டுகள் என்று தெரிந்தது. வேரழுகல் நோய் ஒரு தோட்டத்தில் புகுந்தால் எதிர்த்து நிற்க வேறு ரத்தம் இல்லை. அதனால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெனிலாவின் மரபணுத் தொகுப்பைப் படித்துப் புதிய ரகங்களுக்காக உழைக்கிறார்கள். நோய் தாங்கும் ரகம் வேண்டும் என்பது முதல் எதிர்பார்ப்பு. நடுவில் சவ்வே இல்லாத, தானாகக் காய்க்கும் பூ வேண்டும் என்பது அடுத்தது. வெனிலாவின் காட்டு உறவினங்களில் தானாகக் காய்ப்பவை இருப்பதால் அது நடக்காத காரியமில்லை. நடந்தால் மடகாஸ்கரின் மலைக்கிராமங்களில் அக்டோபர் தொடங்கிப் பூப் பருவம் முழுக்கக் கூலிக்குப் போகும் பெண்களுக்கு அந்த வேலை இருக்காது.